ஐம்பது சதவீத வள்ளல்

எங்கள் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி, கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் சிலையாக நிற்கிறான். ஆடி மாதத்தில் அரசாங்கமே அவனுக்கு விழா எடுக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்கிறது புறநானூறு. என் லேப்டாப்பின் பிராசஸரில் இருப்பதோ நாலே கோர். இருந்தும், ஓரியை எந்தப் பாணனும் கேட்கத் துணியாத கேள்வியை என்னிடம் ஒரு மென்பொருள் கேட்கிறது: "அதிகபட்சம் எத்தனை சதவீதம் கொடுப்பதாக உத்தேசம்?"

அதன் பெயர் பாயிங்க். பிறந்த இடம், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம். நாம் பல் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் வீட்டுக் கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கிறது, அந்த நேரத்தை விஞ்ஞானத்துக்குத் தானமாகக் கொடுங்கள் என்பதுதான் ஏற்பாடு. 1999 மே மாதம் இதே பெர்க்லியில் செட்டி அட் ஹோம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வேற்றுக் கிரகவாசிகளின் சமிக்ஞை ஏதாவது காதில் விழுகிறதா என்று ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைப் பிரித்துப் பிரித்து வீடு வீடாக அனுப்பினார்கள். 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். 2020 மார்ச் மாதத்தோடு வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டார்கள். கிரகவாசி யாரும் பேசவில்லை. இவ்வளவு பேர் ஒட்டுக் கேட்டால் யார்தான் பேசுவார்கள்?

பாயிங்க் வழியாக நான் சேர்ந்திருப்பது ஐன்ஸ்டீன் அட் ஹோம். 2005-இல் தொடங்கியது. அசுர வேகத்தில் சுழலும் நியூட்ரான் நட்சத்திரங்களைத் தேடுவது இதன் வேலை. 2010-இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கணவன் மனைவி, ஜெர்மனியில் ஒருவர், இவர்களுடைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் சேர்ந்து, வினாடிக்குச் சுமார் 41 முறை சுற்றும் அப்படி ஒரு நட்சத்திரத்தை, ஒரு பல்சாரை, கண்டுபிடித்தன. அதைப் படித்த அன்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. கொல்லிமலைக்காரன் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தால் ஓரிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகையாவது வைக்க மாட்டார்களா?

மலையில் இதற்கு ஒரு வசதியும் உண்டு. சிக்னல் வரும்போது வேலையை மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். சிக்னல் போன பிறகு அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். மறுபடி சிக்னல் வரும்போது விடையை ஏற்றிவிடலாம். கெடு தாண்டாமல் இருந்தால் போதும். எங்கள் ஊரில் சிக்னல் விருந்தாளி மாதிரிதான். சொல்லிக்கொண்டும் வராது, சொல்லிக்கொண்டும் போகாது.

ஆக, குறை என்றால் அது சூட்டில்தான் இருந்தது.

நாலு கோரையும் முழுசாகக் கொடுத்ததும் லேப்டாப்பின் விசிறி, காரவள்ளியிலிருந்து ஏறும் லாரி போல உறுமத் தொடங்கியது. வெப்பநிலை காட்டும் செயலியைத் திறந்தால் 96 டிகிரி. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் இங்கே ஏறக்குறைய 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறது என்று அம்மா சலித்துக்கொள்வதற்கும் அதுதான் காரணம். அதாவது, அடுப்பில் டீத்தண்ணீர் எந்தச் சூட்டில் கொதித்ததோ அதே சூட்டில் என் மேஜையில் விஞ்ஞானமும் கொதித்துக்கொண்டிருந்தது.

"மலைதான் குளுகுளுன்னு இருக்கே, அப்புறம் ஏன்?" என்று கேட்பார்கள். பாதி நியாயம். சுற்றுப்புறம் பத்து டிகிரி குறைந்தால் சிப்பும் கிட்டத்தட்ட அதே பத்து டிகிரி குறையும். கீழே நாமக்கல்லில் சித்திரை வெயிலில் இந்தச் சோதனையைச் செய்பவர்களை நினைத்துப் பரிதாபப்படுகிறேன். ஆனால் இங்கே காற்றின் அடர்த்தியும் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. விசிறி எவ்வளவு சுற்றினாலும் சூட்டை அள்ளிப்போகக் காற்று கொஞ்சம் கம்மி. மலை ஒரு கையால் கொடுத்ததில் ஒரு பங்கை மறு கையால் பிடுங்கிக்கொள்கிறது.

நூறு டிகிரியை நெருங்கினால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எரிந்துபோகாது. அதுவரை போவானேன்? சூட்டில் முதலில் கிழடு தட்டுவது பேட்டரி. அடுத்தது விசிறி. இரண்டையும் மாற்ற எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போய், எழுபது வளைவு ஏறி வரவேண்டும். விஞ்ஞானத்துக்காகத் தலை சுற்றலாம். வாந்தி எடுப்பது அதிகம்.

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் மச்சான் வந்திருந்தபோது மேஜை உறுமுவதைக் கேட்டுவிட்டு விசாரித்தார். விளக்கினேன்.

"கிரெடிட் தர்றாங்கன்னு சொன்னீங்களே மாப்ள, அதை வெச்சு என்ன வாங்கலாம்?"

"ஒண்ணும் வாங்க முடியாது மச்சான். பெயருக்குப் பக்கத்துல ஒரு எண் ஏறும். அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். தங்கையைக் கொடுத்த இடம் சரிதானா என்று யோசித்திருக்கலாம். பிறகு தொழிலுக்கு வந்தார். "ஃபுல் லோடு ஏத்திட்டு மலையில ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பிடிச்சா ரேடியேட்டர் கொதிக்கத்தான் செய்யும். லோடைக் குறைங்க, இல்லாட்டி கியரைக் குறைங்க."

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர்கள்கூட இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. பாயிங்க்கின் அமைப்புகளில் லோடைக் குறைக்க இரண்டு வழி உண்டு.

முதலாவது, எத்தனை கோர் என்பது. 50 சதவீதம் போட்டால் நாலில் இரண்டு வேலை செய்யும், இரண்டு சும்மா இருக்கும். சூடு ஒரே சீராக இறங்கும். இரண்டாவது, எத்தனை சதவீத நேரம் என்பது. இதிலும் 50 போடலாம். ஆனால் இது செய்வது வேறு: சில கணம் முழு வேகத்தில் ஓடு, சில கணம் நில், மறுபடி ஓடு. பிராசஸர் வெடுக்கென்று சூடாகி வெடுக்கென்று ஆறும். விசிறி ஏறி இறங்கி மூச்சிரைக்கும். ராத்திரி பக்கத்தில் படுத்துப் பாருங்கள், ஆஸ்துமாக்காரரோடு ஒரே அறையில் இருப்பதாகத் தோன்றும். எனவே என் கட்சி, கோரைக் குறைக்கும் கட்சி.

மச்சான் சொன்ன கியர் பாயிங்க்கில் இல்லை, விண்டோஸில் இருக்கிறது. பவர் அமைப்புகளுக்குள் ஆழமாகப் போனால் பிராசஸரின் அதிகபட்ச நிலை என்று ஒன்று பல கம்ப்யூட்டர்களில் உண்டு. அதில் 100-ஐ 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம்தான், ஆனால் டர்போ என்னும் கூடுதல் வேகம் அணைந்துவிடும். வேகத்தைக் கூட்ட வோல்டேஜைக் கூட்டவேண்டும், மின்செலவோ வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதனால் கடைசிச் சொட்டு வேகத்துக்குத்தான் கொள்ளைச் செலவு. அந்தச் சொட்டை விட்டுக்கொடுத்ததும் 96 டிகிரி எழுபதுகளில் வந்து உட்கார்ந்தது. வேலை முடிய நேரமானது உண்மை. பல ஆயிரம் ஒளியாண்டு தள்ளி இருக்கும் நட்சத்திரத்துக்கு அரைநாள் தாமதம் பெரிதாகப் படாது.

கரண்ட் கணக்கு மனைவியின் இலாகா. முழு வேகத்தில் கூடுதலாக 35 வாட் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாதம் இரவு பகலாக ஓட்ட 50 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. "கவர்மென்ட் நமக்குக் கொடுத்ததுல பாதியை நீங்க நட்சத்திரத்துக்குக் கொடுத்துட்டீங்க" என்றாள். முல்லைக்குத் தேர் கொடுத்த அன்று பாரி வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும். புலவர்கள் எழுதாமல் விட்டிருப்பார்கள்.

எல்லாம் குறைத்து, வீடு அமைதியாகி, நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்த தை மாதத்துக் காலையில் அம்மா வந்தார்.

"ஏஞ்சாமி, இதுல இப்பச் சூடே வர்றதில்லையே?"

திரும்பிப் பார்த்தேன். லேப்டாப்பின் பக்கவாட்டில், காற்று வெளியேறும் சந்துக்கு நேராக, ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டு நிறைய மிளகு. பனி மூட்டத்தில் வெயில் எட்டிப் பார்க்காத நாட்களில் அம்மா அங்கே ஒரு களம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறார். தட்டின் ஓரத்தில் காற்று நேராகப் படும் இடத்து மிளகு கறுத்துச் சுருங்கியிருந்தது. மறு ஓரத்தில் இன்னும் பச்சை. நடுவே விரலால் கிளறிவிட்ட கோடுகள் தெரிந்தன.

பௌதிகப்படி அம்மா சொல்வதில் பிழையே இல்லை. பிராசஸர் வாங்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். 35 வாட் கணக்குப் போட்டால் 35 வாட் கணப்பு. நான் நட்சத்திரம் தேடுவதாகவும் உபரியாகச் சூடு வருவதாகவும் நினைத்திருந்தேன். அம்மாவைப் பொறுத்தவரை இது மிளகு காயவைக்கும் பெட்டி. உபரியாக ஏதோ கணக்கும் போடுகிறது.

பேச்சுவார்த்தை நடந்தது. தை, மாசியில் பகலில் மூன்று கோர், மற்ற நேரத்தில் இரண்டு. மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறினால் எல்லாம் நிற்கும். டர்போ எக்காலத்திலும் கிடையாது. நாலாவது கோரை அம்மா கடைசிவரை கேட்டுப் பார்த்தார். மனைவி மின் அட்டையை எடுத்துக் காட்டியதும் விட்டுவிட்டார்.

இந்தத் திட்டத்தில் ஒரே வேலையை இரண்டு பேருக்கு அனுப்பி, விடை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வழக்கமும் உண்டு. சென்ற வாரம் என் விடை இன்னொருவருடைய விடையோடு ஒத்துப்போனது. யாரென்று பார்த்தால், பின்லாந்துக்காரர். என்னைவிடப் பல மடங்கு வேகமான கம்ப்யூட்டர். அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். உலகத்தின் அந்தக் கோடியில் ஒருவரும் கொல்லிமலையில் நானும் சேர்ந்து ஒரு கணக்கை முடித்திருக்கிறோம் என்றேன்.

அம்மா மிளகைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "அந்த ஊர்ல ரொம்பப் பனியாச்சே சாமி, அவங்க அதுல என்னத்தைக் காய வெப்பாங்க?"