ஆசன அண்ணை

நாள் பார்ப்பவரும் சகுனம் பார்ப்பவரும் பல்லி சொல்லுக்குப் பலன் பார்ப்பவரும் எந்த ஊரிலும் உண்டு. ஆனால், 304 விளையாடப் பாய் விரிக்கப்பட்ட மாத்திரத்தில், கடதாசிக் கட்டைக் கண்ணெடுத்தும் பாராமல், நான்கு திக்கையும் நின்று நிதானித்து, வேம்பின் நிழல் எப்பக்கம் சரியும் என்று கணித்து, பிறகு அங்கே ஏற்கெனவே அமர்ந்திருக்கும் இளைஞனை நோக்கி, "தம்பி, உதிலை இருந்து எழும்பு, அது என்ரை இடம்" என்று சொல்லுகிற மகாபுருஷர் புங்குடுதீவு மடத்துவெளிக்கு மாத்திரமே வாய்த்தவர் என்று நாம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். வேலணையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் இதே இலட்சணங்களோடு வேறு சிலர் வாழ்வதாகப் பின்னர் அறியவந்தமையால், அவரைத் தனியொரு மனிதராகக் கொள்ளாமல் ஓர் இனமாகவே கொண்டு, ஆசன அண்ணை என்ற பொதுப்பெயரால் வழங்குதல் தகும்.

அவருடைய சித்தாந்தத்தை முற்றாக நகைத்துத் தள்ளவும் இயலாது. எதிரெதிரே அமரும் இருவர் ஒரு சோடியாக, 32 கடதாசிகளைக் கொண்டு நால்வர் ஆடும் இந்த ஆட்டத்தில், வீரனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு வகைக்கு 76 ஆக நான்கு வகைக்கும் சேர்ந்த தொகையே ஆட்டத்தின் பெயர். ராசாவும் ராணியும் ஒன்பதாம் இலக்கத்துக்குக் கைகட்டி நிற்கும் இவ்விசித்திர இராச்சியம் ஒல்லாந்தர் வழியாக வந்ததென்று சீட்டாட்டச் சரித்திரக்காரர் கருதுகின்றனர். ஒல்லாந்தில் இன்றும் ஆடப்படும் கிளாவர்யாஸ் என்ற ஆட்டத்திலும் துரும்பு வீரனும் துரும்பு ஒன்பதுமே தலைமை வகிக்கின்றன. நமது தீவுக்கு அவர்கள் மிடில்பேர்க் என்று தங்கள் நாட்டு நகரமொன்றின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயரை இங்கே ஒருவரும் சீண்டவில்லை. ஆட்டத்தை மட்டும் ஒருவரும் விடவில்லை.

இந்த ஆட்டத்திலே ஸ்தானம் பிரதானம் என்பது உண்மையிலும் உண்மை. முதற் கை ஆடுபவன் இருட்டிலே அடியெடுத்து வைக்கிறான்; கடைசிக் கை ஆடுபவனோ மூன்று கடதாசிகளையும் பாயிலே கண்குளிரக் கண்டபின், சோடி வென்றிருந்தால் பத்தையோ ஆசையோ ஏற்றிவிடலாம், எதிரி வென்றிருந்தால் ஏழை எறிந்துவிட்டு வெற்றிலை போடலாம். ஒன்பதையும் அதே வகையில் ஒரு சிறு கடதாசியையும் வைத்திருப்பவன் வீரன்காரனுக்கு முன்னே ஒன்பதை இறக்கினால் 20 புள்ளி கண்முன்னே பறிபோகும். பின்னே ஆட நேர்ந்து, வீரன் அதற்குள் விழுந்துவிட்டால், சிறியதைக் கொடுத்துத் தப்பலாம்; மறுமுறை அந்த ஒன்பதே சக்கரவர்த்தி. கையிலிருப்பது இன்னதென்பதைவிட, அதை யாருக்கு முன்னும் யாருக்குப் பின்னும் இறக்குகிறோம் என்பதிலேதான் பாதி ஆட்டம் அடங்கியிருக்கிறது.

அண்ணைக்கோ ஸ்தானம் என்றால் தாம் இருக்கிற இடம். சோளகம் வீசுகிற மாதங்களில் அவர் காற்றுக்கு முதுகு காட்டியே இருப்பார். அதிலே நியாயமுண்டு, ஏனெனில் தீவுக் காற்று கவிழ்த்து வைத்த துரும்பையும் புரட்டிக் காட்டிவிடக்கூடியது. மாலை வெயில் எதிரியின் கண்ணிலே படவேண்டும் என்பது அவருடைய இரண்டாம் விதி. செத்தவீட்டிலே இரா விழிப்பவர்கள் பந்தலில் ஆட்டம் போடும்போது, பெற்றோல்மாக்ஸ் வெளிச்சம் எதிரியின் மூக்குக்கண்ணாடியிலே எந்தக் கோணத்தில் விழுந்தால் அவன் கைக் கடதாசி அதிலே துலங்கும் என்பதை, இழவுக்கு வந்த துயரம் முகத்திலிருந்து மாறாமலே, அவர் ஆராய்ந்து முடித்துவிடுவார். வீட்டுக்குள்ளே ஆட்டமென்றால் கண்ணாடி அலுமாரிக்கு எதிர்ப்பக்கம் அவருக்குப் பரம்பரைச் சொத்து.

கமலாம்பிகை வித்தியாலயத்தில் படிக்கும் பையன் ஒருவன் ஒருமுறை துணிந்து, "மாமா, பிடியை எடுத்தவர்தானே அடுத்ததை இறக்கிறார், முதற்கையும் கடைசிக்கையும் எட்டுப் பிடிக்குள்ளையே சுத்திச் சுத்தி வருமே, பிறகு எந்த இடத்திலை இருந்தால் என்ன?" என்று கேட்டான். அண்ணை அவனைக் கருணையோடு நோக்கி, "அது பள்ளிக்கூடத்துக் கணக்கடா தம்பி, இது ஸ்தான பலம்" என்றார். பையன் வாயடைத்துப் போனான். அறிவின்மீது நம்பிக்கை இழந்தானோ அண்ணைமீது இழந்தானோ, முகத்திலிருந்து அறிய முடியவில்லை.

இனி அவர் ஆடும் அழகைச் சொல்ல வேண்டும். முதல் நான்கு கடதாசியிலே வீரனும் வராமல் ஒன்பதும் வராமல் இருந்தபோதும், இடத்தின் மகிமையை நம்பி 160 கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்து, மீசையைத் தடவிக்கொள்வார். அதிர்ஷ்டவசமாகக் கடைசிக் கை அவருக்கே வருகிறது. சோடி இறக்கிய ஆடுத்தன் வகை வீரன் பாயிலே கம்பீரமாகக் கிடக்கிறது. அதனிலும் பெரியதொரு கடதாசி அந்த வகையிலே பிரபஞ்சத்தில் இல்லை. ஆடுத்தன் பத்தை இப்போது ஏற்றாதவன் எப்போது ஏற்றுவான்? அண்ணை ஏழை வைப்பார். பத்து "பிறகு உதவும்" என்று கைக்குள்ளே பதுங்கும். இரண்டு பிடி தள்ளி எதிரியின் ஒன்பதுக்கு அது இரையாகும்போது, எதிரே இருக்கும் சோடி விடும் பெருமூச்சு சோளகத்தையும் வெல்லும். தோல்வி கணக்கிடப்பட்டதும் அண்ணை எழுந்து, பாயைச் சற்று நோக்கி, "ஆரோ பாயைத் திருப்பிப்போட்டு விட்டியள்" என்று தீர்ப்பளிப்பார்.

கலியாணப் பந்தியிலே பாயாசம் எந்த முனையிலிருந்து புறப்படும் என்பதும், தாம்போதியைக் கடக்கும் பேருந்திலே எந்தப் பக்கம் உப்புக்காற்று அடிக்காதென்பதும், குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகிலே எந்தப் பலகையில் தண்ணீர் தெறிக்காதென்பதும் அவருக்கு மனப்பாடம். இவ்விடங்களிலெல்லாம் அவர் கணக்குப் பிழைப்பதேயில்லை. பிழைப்பது பாயிலே மட்டுந்தான். கனடா போய்ச்சேர்ந்த ஆசன அண்ணைமாரோ, ஸ்காபரோ வீட்டு நிலவறைகளில் வெப்பக்காற்று வரும் துவாரத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பக்கத்திலே மேசையை இழுத்துப் போடுவிக்கிறார்களாம்.

ஆதலால், வயலூர் முருகனுடைய திருவிழாவுக்கென்று மடத்துவெளிக்கு வரும் அன்பர்களே, நாலாம் கைக்கு ஆள் போதாதென்று யாராவது உங்களை அழைத்தால், தாராளமாகப் போய் உட்காருங்கள். காற்று, வெயில், நிழல் எதையும் பாராதீர்கள். அண்ணைக்கு எதிரே மாத்திரம் இராமல், அவருக்குப் பக்கத்திலே இருந்துகொள்ளுங்கள்.