முப்பது நாளும் ஒரே ராத்திரியில

ஏங்கண்ணு, மணி பதினொண்ணாச்சு, இன்னும் அந்த லேப்டாப்பக் கட்டிட்டு உக்காந்திருக்கறே? ஓ, மாசக் கடைசியா! செரி செரி, அந்த ஈ-லாக்புக்கு எழுதற திருவிழா.

வாராவாரம் நீ எழுதோணும், மாசாமாசம் உன்ற கைடு பாத்து ஒப்புக்கோணும்னு தேசிய மருத்துவ ஆணையம் 2023-ல விதியே போட்டிருக்குதுன்னு நீதான சொன்னே? மூணு வருசம் எம்.எஸ். படிக்கறதுக்குள்ள எத்தனை வாரம் வருது, எண்ணிப்பாரு. அத்தனை வாரமும் எழுதி ஏன் கெட்டுப்போறே? முப்பது நாளையும் ஒரே ராத்திரியில எழுதிப்போடு. துடியலூர் சந்தைக்கு மாடு ஓட்டறவன் மொத நா ராத்திரிதான் கொம்பு சீவி எண்ணெய் தடவுவான். வருசம் பூராவுமா தடவறான்?

ஞாபகம் வல்லைன்னா சீனியர் புள்ளையோட பக்கத்த எடுத்து ஒட்டிக்க. அதுக்குன்னே ரெண்டு பொத்தான் இருக்குதாமே. ஆனா வயச மாத்திப்போட்டு, ஆம்பளையா பொம்பளையாங்கறத மாத்தாம உட்றாதே. ஹைட்ரோசீல் ஆபரேசன் பண்ணிக்கிட்ட பொம்பளைன்னு கம்ப்யூட்டர் சொன்னா, பரீட்சைக்கு வர்ற வெளியூர் டாக்டரு அம்மணியக் கூட்டியாங்கன்னு சொல்லிருவாரு.

அப்பறம் அந்த நாலு கூறு. பாத்தது, கூட நின்னது, பெரியவங்க பக்கத்துல நிக்கச் செஞ்சது, தனியாச் செஞ்சது. போன வாரம் ரிட்ராக்டரப் புடிச்சுட்டு ரெண்டு மணி நேரம் நின்னேன், காலு வீங்கிப்போச்சு அப்புச்சின்னு அழுதியே, அதெங்க போட்டே? காமி பாக்கலாம். அட, 'பெரியவங்க பக்கத்துல நிக்கச் செஞ்சது'! நெம்பச் செரி. நம்மூட்டுக் கண்ணாலத்துல சாம்பார் வாளியத் தூக்குனவனெல்லாம் அன்னைக்குச் சமையக்காரந்தான்.

நானும் சொசைட்டிக்குப் பால் ஊத்தி புக்கு வெச்சிருந்தவந்தேன். லிட்டர் எத்தனைன்னு எழுதறது லேசு. பக்கத்துல டிகிரின்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதுக்குப் பால்மானிய முக்கோணும். தண்ணி கலந்திருந்தா அது சர்ருனு கீழ எறங்கிக் காட்டிக்குடுத்துரும். உன்ற கைடு நாப்பது பதிவுக்கும் ஒரே மூச்சுல சரின்னு அமுக்கறாராமே, அவுரு எதைய முக்கிப் பாக்கறாரு? ஓ.பி. வரிசை ரோடு வரைக்கும் நிக்குது, அவுருந்தான் என்ன பண்ணுவாருங்கறே. வாஸ்தவம். அவுருக்கும் ரெண்டு கைதான.

கைன்னதும் நெனப்பு வருது. போன வருசம் தோள் புடிச்சுக்கிட்டுச் சட்டை போட முடியாமக் கெடந்தனே, குனிஞ்சு நின்னு கையக் கெணத்து வாளியாட்டத் தொங்கவுட்டு ஆட்டுங்கன்னு சொல்லிக்குடுத்தியே, காட்மன் பயிற்சின்னு. அந்த எர்னஸ்ட் காட்மன் பாஸ்டன் ஊர்ல பெரிய சர்ஜனாமா. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டு, என்ன நெனச்சோம், என்ன பண்ணுனோம், ஒரு வருசங்கழிச்சு ஆள் எப்படி இருக்கறாருன்னு எழுதோணும்னாரு. பெரிய ஆஸ்பத்திரியில எடுபடுல. சின்னதா சொந்த ஆஸ்பத்திரி ஒண்ணு வெச்சு, 1911-ல இருந்து 1916 வரைக்கும் வந்துபோன 337 பேர்த்துக்கு 123 தப்பு நடந்துதுன்னு எண்ணி, அச்சடிச்சே குடுத்துட்டாரு! நடுவால 1915-ல, ஊர்ப் பெரிய டாக்டருங்க முன்னால கேலிப்படம் ஒண்ணு வேற தொறந்து காட்டினாரு. நெருப்புக்கோழி ஒண்ணு மண்ணுக்குள்ள தலைய உட்டுக்கிட்டு அவீங்க பக்கமாத் தங்க முட்டைய ஒதைச்சுத் தள்ளுதாம். உடுவாங்களா? டாக்டருங்க சங்கத்துல இருந்த பதவியும் போச்சு.

நீ அப்படியெல்லாம் எழுதிப்போடாதே கண்ணு, பொழப்புக் கெட்டுரும். செவ்வாக்கெழமை தையல் போட்ட முடிச்சு நழுவிருச்சு, பெரிய டாக்டரம்மா மறுக்காப் போட்டுக்குடுத்தாங்கன்னு சோறுங்காம உக்காந்திருந்தியே, அதெல்லாம் லாக்புக்குல எதுக்கு? அதுக்குக் கட்டமே இல்லீல்ல.

இருக்குதா? அடியில, சிந்தனைக் குறிப்புன்னு? அதுல என்ன எழுதிருக்கறே? 'நல்ல அனுபவம்.' நாப்பதுலயும் அதேதானா?

ஏங்கண்ணு, எதைய அழிக்கறே? சாம்பார் வாளியவா? நாஞ் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னனாக்கும்.

செரி, அழி. காப்பித்தண்ணி வெச்சுட்டு வர்றேன். சக்கரை டப்பா மேல் அலமாரியிலதான? இப்ப எனக்கு எட்டும்.