காவலூர்க் கேள்விகள்: ஊசியில் வெறும் உப்புத் தண்ணீரும் இருக்கலாம்

ஜவ்வாது மலையிலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்த கடிதங்கள் இந்த முறை பார்க்கின்சன் நோயையே சுற்றிச் சுற்றி வருகின்றன. சினிமா, அரசியல் கேட்டவர்கள் ஒரு இதழ் பொறுக்கவும்.

அப்பாவுக்குப் பல வருஷமாக நடுக்குவாதம். பெரிய ஆஸ்பத்திரியில் ‘புது மருந்து ஆய்வில் சேர்கிறீர்களா?’ என்கிறார்கள். அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிடுவார்களோ? (மகள், ஆலங்காயம்)

எலியிடம் யாரும் கையெழுத்து கேட்பதில்லை. உங்கள் அப்பாவிடம் கேட்டே ஆக வேண்டும். 2019-இல் வந்த புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகள் அப்படிச் சொல்கின்றன. ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், ஒரு பிரதி அவர் கைக்கு வர வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்க வேண்டும். பாதியில் ‘போதும்’ என்று எழுந்து வரலாம். வழக்கமான வைத்தியத்தை அதற்காக நிறுத்தக் கூடாது. ஆய்வினால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு இரண்டும் உண்டு. இன்னொன்று: கையெழுத்து அப்பாவுடையது. நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், பேனாவைப் பிடுங்கக் கூடாது.

சேர்ந்தால் குணமாகுமா? (வாணியம்பாடி)

அது தெரிந்திருந்தால் ஆய்வு எதற்கு? வைத்தியம் உங்களுக்காக நடப்பது. ஆய்வு ஒரு கேள்விக்காக நடப்பது. உங்களுக்கும் நல்லது நடந்தால் சந்தோஷம்.

பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை கொடுப்பார்களாமே, இது ஏமாற்று இல்லையா? (திருப்பத்தூர்)

முன்கூட்டியே சொல்லி, கையெழுத்து வாங்கிச் செய்வதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது? யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. பார்க்கின்சனில் இந்தக் கண்கட்டு மற்ற நோய்களைவிட அதிகம் தேவை. 2001-இல் வான்கூவர் ஆய்வாளர்கள் நோயாளிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஊசியில் ஏற்றி மூளையைப் படம் பிடித்தார்கள். மருந்து ஏறியிருக்கலாம் என்று எதிர்பார்த்த மூளையில் டோபமைன் நிஜமாகவே சுரந்தது! இந்த நோயில் குறைந்துபோவது எதுவோ, அதையே எதிர்பார்ப்பு கொஞ்ச நேரம் சுரக்க வைக்கிறது. அப்புறம் ‘சாப்பிட்டேன், நடை நல்லாயிருக்கு’ என்ற ஒருவர் வார்த்தையை எப்படி நம்புவது?

அதே வருஷம் அமெரிக்காவில் 40 பேரிடம் நடந்த ஆய்வைப் படித்தால் வயிறு கலங்கும். பாதிப் பேருக்கு மூளையில் கருத்திசு செல்களை வைத்தார்கள். மீதிப் பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் போட்டு மூடினார்கள். துளையோடு நின்றவர்கள் பாவம் என்று தோன்றும். ஆனால் செல் வைக்கப்பட்டவர்களில் 15 சதவீதம் பேருக்குப் பின்னால் அடங்காத உடல் முறுக்கல் வந்தது.

எங்கள் ஊரில் பெரிய தொலைநோக்கி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள். அப்பாவின் நட்சத்திரத்துக்கு நாள் குறித்துச் சேர்க்கலாமா? (காவலூர்)

அங்கே பார்க்கும் நட்சத்திரத்துக்கு ராசி, லக்னம் கிடையாது. ஆனால் உங்கள் ஊர் வானாய்வகத்திலிருந்தே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1977 மார்ச் 10-ஆம் தேதி யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்க வந்தது. மறைப்பதற்கு முன்பே அந்த நட்சத்திரம் சில நொடி மங்கியதைக் காவலூர் பதிவு செய்தது. புதுத் துணைக்கோள் என்று எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் விமானத்தில் பறந்தபடி அமெரிக்கர்கள் எடுத்த பதிவும் மற்ற இடத்துப் பதிவுகளும் சேர்ந்த பிறகுதான் அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. காவலூர் பார்த்தது நிஜம். பார்த்தது என்ன என்று சொல்லப் பல கண்கள் வேண்டியிருந்தது. அப்பா ஆய்வில் சேர்ந்தால் அந்தப் பல கண்களில் ஒன்று. ராகு காலத்தில் சேர்ந்தாலும் முடிவு மாறாது.

மலையில் பூனைக்காலி தானாகப் படர்கிறது. அந்த விதைதான் பார்க்கின்சன் மருந்து என்கிறார்கள். ஆய்வு எதற்கு, அரைத்துக் கொடுத்தால் போதாதா? (ஜமுனாமரத்தூர்)

நல்ல கேள்வி, கொஞ்சம் ஆபத்தான கேள்வியும்கூட. 1937-இல் சென்னையில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்த பொருள்தான் லெவோடோபா. அதை வைத்து என்ன செய்வது என்று அன்று யாருக்கும் தெரியாது. நடுக்குவாதக்காரர்களை அது எழுப்பி நடக்க வைக்கும் என்று நியூயார்க்கில் கோட்ஸியாஸ் என்ற டாக்டர் காட்டியது 1967-இல். முப்பது வருஷம்! நாட்டு மருந்துக் கடைகளில் அதுவரைக்கும், இன்றைக்கும், அந்த விதை வேறு காரியத்துக்குத்தான் அதிகம் விற்கிறது.

விதையையும் கண்ணைக் கட்டித்தான் சோதித்தார்கள். 2004-இல் லண்டனில் 8 பேர், 2017-இல் வெளியான பொலிவியா ஆய்வில் 18 பேர். லெவோடோபா மாத்திரைக்கு ஈடாக வேலை செய்தது. சரி, அப்புறம் என்ன என்பீர்கள். அங்கே விதைப்பொடியில் லெவோடோபா எவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள். உங்கள் அம்மியில் அளவு கிடையாது. ஏற்கெனவே சின்டோபா போன்ற லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அதன்மேல் இதையும் கொடுத்தால் வாந்தி, மயக்கம், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, கைகால் தானாக ஆடுவது எல்லாம் வரலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட மோசம். ஆய்வில் சேர்ந்தால் விதை தின்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். காயின் சுணை பட்ட கை அரிப்பதுபோல மறைத்ததும் வெளியே வந்துவிடும்.

அவரைக் கூட்டிப்போகப் போவது நான்தான். எனக்கு ஏதாவது சொல்லுங்கள். (மனைவி, காவலூர்)

அம்மா, இதை உங்களைத் தவிர யாரும் கேட்கவில்லை. பல பார்க்கின்சன் ஆய்வுகளில் முந்தின ராத்திரியே மாத்திரையை நிறுத்திவிட்டு, மருந்து முழுக்க இறங்கிய நிலையில் காலையில் வரச் சொல்வார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருக்காரருக்கு அது சிரமம். மலையிறங்கி ஆலங்காயம், வாணியம்பாடி என்று பஸ் மாறி, ரயில் பிடித்து வேலூருக்கோ பெங்களூருக்கோ போகிறவருக்கு அது சித்திரவதை. கட்டை போல் இறுகிய மனிதரைப் பஸ் படியில் ஏற்றப் போவது நீங்கள். ஆகவே இப்போதே கேளுங்கள்: இப்படி எத்தனை தடவை? முந்தின இரவு தங்க இடம் தருவீர்களா? இருவருக்கும் பயணச் செலவு உண்டா? ராத்திரி ஏதாவது ஆனால் யாருக்குப் போன் செய்வது? முகம் சுளித்தால் அந்த ஆய்வு உங்களுக்கு வேண்டாம்.

மூன்று லட்சம் கட்டினால் ஸ்டெம்செல் ஊசி போடுகிறார்களாம். ‘ஆய்வு முறை’ என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

ஆய்வு என்றால் காசு கேட்கக் கூடாது. காசு கேட்டால் அது கடை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி பார்க்கின்சனுக்கு ஸ்டெம்செல் என்பது அங்கீகரித்த ஆய்வுக்குள் மட்டும்தான். ஜப்பானின் கியோட்டோவில் 7 பேருக்குச் செல்களை மூளையில் வைத்து, 2 வருஷம் கவனித்து, 2025-இல்தான் முடிவை வெளியிட்டார்கள். பெரிய கேடு இல்லை; அளந்து பார்த்த 6 பேரில் 4 பேருக்கு அசைவு தேறியது. அவர்களே ‘குணம்’ என்று சொல்லவில்லை.

ஆய்வு முடிந்ததும் மருந்து தொடர்ந்து கிடைக்குமா? (ஆம்பூர்)

எல்லாரும் கடைசியில் கேட்கிற, முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 40 பேருக்கு மேல் தலையில் குழாய் பதித்துக்கொண்டு ஜி.டி.என்.எஃப். என்ற புரதத்தை ஏற்றிக்கொண்டார்கள். 2019-இல் முடிவு வந்தது. போலி மருந்தைவிடத் தெளிவான வித்தியாசம் இல்லை. தேறினோம் என்று சொன்னவர்களுக்கும் மருந்து நின்றது. அதே புரதத்துக்காக அமெரிக்காவில் நோயாளிகள் மருந்துக் கம்பெனிமேல் வழக்குப் போட்டு 2005-இல் தோற்றார்கள். நம் விதிகளில் ஆய்வுக்குப் பின் மருந்து தர இடமிருக்கிறது. ஆனால் டாக்டர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஒப்ப வேண்டும், வேறு வழியில்லாத நோயாக இருக்க வேண்டும். ஆகவே வாய்ப்பேச்சு வேண்டாம், படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கம்பெனிக்கு லாபம். எனக்கு என்ன? (திருப்பத்தூர்)

பஸ் காசு, ஒழுங்கான பரிசோதனை, அவசரப்படாத டாக்டர். மூன்றாவது வெளிநோயாளி வரிசையில் கிடைக்காத சரக்கு.

சுருக்கமாகச் சொல்லுங்கள், சேரலாமா வேண்டாமா? (மகள், ஆலங்காயம், மறுபடியும்)

அப்பாவுக்கு விருப்பம் என்றால் சேரலாம். அதற்கு முன் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தியாவில் ஒவ்வொரு மருந்து ஆய்வும் அந்தப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். இணையத்தில் யாரும் பார்க்கலாம். எண் இல்லை என்றாலோ, ‘இன்றைக்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்றாலோ, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்புங்கள்.