நெடுந்தீவில் ஓடிய நதி

மனிசியின் அம்மான் நெடுந்தீவில் காலமானபோது, அந்தியேட்டிக் கிரியையில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டை எழுத ஆள் தேடினார்கள். "நான் எழுதுவன்" என்று சொல்லிவிட்டேன். நாற்பது வருஷமாக ஊரார் கல்வெட்டுகளில் பிழை பிடித்தவனுக்கு அந்தளவு துணிவு வராதா?

வேலணையில் வீட்டு விறாந்தையில் பத்து நாள் தாளும் பேனையுமாக இருந்தேன். தேத்தண்ணி வந்தது, பாட்டு வரவில்லை. கடைசியில் மகனின் போனில் சாட்ஜிபிடியிடம் விபரம் சொன்னேன். அரை நிமிஷத்தில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல். இன்னும் பிறக்காத பூட்டப்பிள்ளைகளும் புலம்பியிருந்தார்கள்.

இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவில்தான் அது சறுக்கியது. வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒன்றாய் அமைய வேண்டும். அது 'சமர்ப்பணம்' என்று முடித்திருந்தது. இளைப்பாறிய தமிழ் வாத்தியார் ஒருவரிடம் ஓடினேன். பஞ்சாங்கம் பார்த்து, விரல் மடித்து அசை எண்ணி, எழுதித் தந்தார். முன்னூறு பிரதி அடித்தோம். அட்டையில் 'ஆக்கம்' என்று என் பெயர், பெரிய எழுத்தில்.

அந்தியேட்டியன்று ஒரு நெடுந்தீவுக் கிழவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "தம்பி, 'துள்ளும் நதிக்கரையில் துயின்றாயோ' எண்டு கிடக்குது. எங்கட ஊரில ஆறு எவ்விடத்தில ஓடுது?"

குடிதண்ணிக்கே தவிக்கிற தீவு. "கவிநயம் ஐயா" என்று சமாளித்தேன்.

மூன்று மாதம் போக, நயினாதீவுக் கல்வெட்டொன்று கைக்கு வந்தது. அங்கேயும் அதே நதி ஓடியது. "களவு!" என்று குதித்து, சட்டம் படிக்கிற பெறாமகளுக்கு எடுத்தேன்.

"பெரியப்பா, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில ஆக்கியோன் எண்டால், அதைப் படைச்ச மனிசர். இயந்திரம் இல்லை."

"எழுதச் சொன்னது நான்தானே?"

"பெரியம்மாவைக் குழம்பு வைக்கச் சொல்லுறதும் நீங்கள்தான். அதுக்காகக் குழம்பு வைச்சது நீங்களோ?"

குசினியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

அமெரிக்காவில் ஸ்டீபன் தேலர் என்பவர் தன் இயந்திரமே ஆக்கியோன் என்று சொல்லி ஒரு படத்துக்குப் பதிப்புரிமை கேட்டாராம். 2023இல் ஒரு நீதிமன்றமும் 2025இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் மறுத்தனவாம். "அந்தாள் உண்மையைச் சொல்லித் தோத்தவர்" என்றாள். மிச்சத்தைச் சொல்லவில்லை.

"இஞ்ச பதிப்புரிமை, ஆக்கியோன்ர ஆயுளும் அதுக்குப் பிறகு 70 வருஷமும். சாகாத இயந்திரத்துக்கு எந்தத் திதியில இருந்து எண்ணுறது? சரி, புத்தகத்தில மனிசர் எழுதினது ஒண்டும் இல்லையோ?"

"திதி வெண்பா… வாத்தியார் எழுதினது."

"அவற்ற பெயர் எங்க?"

எனக்கு இருமல் வந்தது.

"இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் 'லால் சலாம்' படத்தில, காலமான பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது குரலை இயந்திரத்தால எடுக்கேக்க, குடும்பத்தாரைக் கேட்டுக் காசும் குடுத்தவர். உங்கட வாத்தியார் உயிரோட, அடுத்த ஒழுங்கையில இருக்கிறார்."

ஆகவே அம்மானின் கல்வெட்டை வைத்திருக்கும் உறவினரே, ஒரு வேண்டுகோள். வெண்பாவின் கீழே, 'வாத்தியார் எழுதியது' என்று பேனையால் எழுதிவிடுங்கள். அட்டையில் என் பெயரை வெட்டுவதென்றால் அழுத்தி வெட்டுங்கள்; எழுத்து பெரிது.