கேமராவுக்குப் பொட்டு வைத்தவன்

எங்கள் வீட்டு லேப்டாப்புக்குப் பொட்டு வைத்தவன் நான். ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனம், குங்குமம் அல்ல. அட்டையில் வரிசையாக ஒட்டி வரும் ஸ்டிக்கர் பொட்டு. அரக்கு நிறம், சின்ன சைஸ்.

2016 ஜூனில் மார்க் ஸக்கர்பெர்க் ஒரு படம் வெளியிட்டார். இன்ஸ்டாகிராமுக்கு மாதம் 50 கோடிப் பேர் வந்துபோகிறார்கள் என்ற சந்தோஷத்தில் எடுத்த படம். அவர் சிரிப்பை யாரும் பார்க்கவில்லை. பின்னால் மேசையில் இருந்த லேப்டாப்பின் கேமரா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்ததைத்தான் ஊர் உலகம் பார்த்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் பந்தி போட்டுவிட்டு, சமையல்காரர் மட்டும் ஓரமாக உட்கார்ந்து வீட்டு டிபன் பாக்ஸைத் திறந்தால் வயிறு கலங்குமா, கலங்காதா? எனக்குக் கலங்கியது. அன்று சாயங்காலமே டேப் தேடினேன். எங்கள் வீட்டில் டேப் எப்போதும் இருக்கும், அதன் நுனி மட்டும் கிடைக்காது. கடைசியில் பீரோ கண்ணாடியில் மனைவி ஒட்டிவைத்திருந்த பொட்டுகளில் ஒன்றை உரித்து லேப்டாப்பின் நெற்றியில் வைத்தேன்.

“என்னங்க, அதுக்கு எப்போ கல்யாணம்?” என்றாள் மனைவி. விஷயம் தெரியாதவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். பின்னாளில் சென்னைப் போலீஸ் கண்காணிப்புக் கேமராவுக்கு ‘மூன்றாவது கண்’ என்று பெயர் வைத்தபோதுதான் என் செயலின் புராணப் பொருத்தம் எனக்கே விளங்கியது. சிவனுக்கு அந்தக் கண் எங்கே இருக்கிறதோ, லேப்டாப்புக்கும் அங்கேயேதான் இருக்கிறது. நக்கீரர் மூடாமல் விட்டதை நான் மூடிவிட்டேன்.

இதற்கு முன்னும் எனக்கு அனுபவம் உண்டு. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் ஹாங்காங்கில் இருந்துகொண்டு, அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கோடிக்கணக்கானவர்களின் போன் அழைப்பு விவரங்களைத் திரட்டிவந்ததைக் காட்டும் ஆவணங்களை வெளிக்கொண்டுவந்தார். அத்தனை பெரிய செய்தியில் நான் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு விவரம்: யாரும் ஒட்டுக்கேட்காதபடி, தன்னைப் பார்க்க வந்த வக்கீல்களிடம் அவர்கள் போனை ஃபிரிட்ஜுக்குள் வைக்கச் சொன்னாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுவலக நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் மனம்விட்டுப் பேச வேண்டியிருந்தது. இரண்டு போன்களையும் வாங்கி, தோசை மாவுப் பாத்திரத்துக்கும் கறிவேப்பிலைக் கவருக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடினேன். என்னுடையது பட்டன் போன். அமெரிக்காவே திரண்டு வந்தாலும் அதிலிருந்து எடுக்கக்கூடிய ரகசியம் பாம்பு விளையாட்டில் நான் வாங்கிய மார்க்தான். நண்பர் கிளம்பும்போது ஞாபகமாகத் தன் போனை எடுத்துக்கொண்டார். நான் மறந்துவிட்டேன். மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஃபிரிட்ஜுக்குள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது. பால் எடுக்கப் போன அம்மா பயந்துபோய் ஃபிரிட்ஜைக் கும்பிட்டாள்.

நாங்கள் பேசியது ஒரே வாரத்தில் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. அமெரிக்கா சொல்லவில்லை. நண்பர்தான் சொன்னார்.

பொட்டுக்கு வருகிறேன். அதை ஒட்டிய சில மாதங்களில் ஒரு வேலைக்கு வீடியோவில் நேர்காணல் வந்தது. எதிரில் மூன்று பேர். “உங்க வீடியோ வரலையே” என்றார்கள். நெட்டை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பை அணைத்துப் போட்டேன், மகளைத் திட்டினேன். கால் மணி நேரம் இருட்டிலிருந்து குரல் மட்டும் கொடுத்தேன். வேலை கிடைக்கவில்லை. குரல் மட்டுமே காரணமாகவும் இருக்கலாம். மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன். அந்தப் பையன் திருகாணி எதையும் தொடவில்லை. நகத்தால் ஒரு சுண்டு. பொட்டு அவன் விரல் நுனிக்கு வந்தது. அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அக்காவோடதா சார்?” என்றான். செக்கிங் சார்ஜ் நூற்றைம்பது.

வீட்டுக்கு வந்ததும் புதிதாக ஒன்று ஒட்டினேன். கரன்ட் போயிருந்த ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சம். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஆனால் என் சாதனைகளிலேயே சிகரம் ஆதார்தான். 2018 மார்ச்சில் அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால், ஆதார் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குள் பத்திரமாக இருக்கின்றன என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னார். நாடே சிரித்தது. எங்கள் டீக்கடையில் ஆரம்பித்துவைத்தவன் நான்: “அப்ப 14 அடி ஏணியைத் தடை பண்ணிட்டாப் போதும்!” மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அதே ஆண்டு ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவர் ஆர்.எஸ்.சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் எனக்குத் தீங்கு செய்து காட்டுங்கள் என்று சவால் விட்டார். சில மணி நேரத்துக்குள் அவருடைய போன் நம்பர், பிறந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அதெல்லாம் ஏற்கெனவே பொதுவெளியில் கிடைப்பதுதான் என்றது ஆதார் ஆணையம். ஒரு புண்ணியவான் அவர் கணக்கில் ஒரு ரூபாய் போட்டார். எதிரியின் கணக்கில் பணம் போட்டுப் பழிவாங்குகிற இனம் பூமியில் நாம் ஒன்றுதான் என்று அதற்கும் டீக்கடையில் பேசினேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். ஒரு ஜோக் அடித்ததும் எதிர்த்துப் போராடிவிட்ட திருப்தி எனக்கு வந்துவிடுகிறது. டீக்குக் காசு வைத்ததுபோல் கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும். போராடியவர்கள் வேறு ஆட்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பைக் கொண்டாடும் மனநிலையோடு அன்று சாயங்காலம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போயிருந்தேன். பில் போடும் இடத்தில் பரிசுக் கூப்பன் நீட்டினார்கள். பெயர், முகவரி, போன் நம்பர், பிறந்த நாள், திருமண நாள் எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிப் பெட்டியில் போட்டேன். திருமண நாள் மட்டும் சட்டென்று வரவில்லை. மனைவியிடம் கேட்டு எழுதினேன். பரிசு விழவில்லை. செங்கல்பட்டுக்கு அப்பால் மனை வேண்டுமா என்று இன்றுவரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

2018 ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஊரில் பாதிப் பேரின் போனில், அவர்கள் சேமிக்காமலேயே ஆதார் உதவி எண் முளைத்திருந்தது. என் போனிலும் இருந்தது. எனக்குத் தெரிந்த அத்தனை குழுவுக்கும் ‘அரசாங்கம் நம் பாக்கெட்டுக்குள் வந்துவிட்டது’ என்று அனுப்பிவைத்து, அந்த எண்ணைச் சடங்குபோல் அழித்தேன். அது தங்கள் கைப்பிழை, 2014இலேயே ஆண்ட்ராய்டுக்குள் தவறுதலாகச் சேர்ந்துவிட்டது என்று கூகுள் உடனே விளக்கம் சொன்னது. அந்த விளக்கத்தை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

அதற்குப் பலன் தீபாவளிக்கு முன்பே கிடைத்தது. கேஸ் இணைப்பில் முகவரி மாற்ற ஆதார் நகல் கேட்டிருந்தார்கள். நகலின் மேல் எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் நம் பெயரில் எவனோ சிம் வாங்குவான் என்று எங்கோ படித்திருந்தேன். தடிமனான மார்க்கரை எடுத்து ‘முகவரி மாற்றத்துக்கு மட்டும்’ என்று எழுதினேன். அது என் முகத்தையும் எண்ணையும் சேர்த்தே மூடிவிட்டது. கவுன்ட்டரில் இருந்த அம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “யாருக்கு சார் மாத்தணும்?” என்றார். மறுபடி ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன், நகல் எடுத்தேன், திரும்ப ஓடினேன். காரியம் முடிந்தது. பாதுகாப்பாக நடந்துகொண்ட பெருமையோடு வீடு திரும்பினேன். அசல் மட்டும் ஜெராக்ஸ் மெஷின் மூடிக்கு அடியில் இருந்தது.

அது எனக்குத் தெரியப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. பீரோவைக் கவிழ்த்தோம். மனைவி பரணில் ஏறினாள். உதவி எண்ணுக்குப் போன் பண்ணலாமென்று போனை எடுத்த பிறகுதான், அதை நானே அழித்தது ஞாபகம் வந்தது. கடைசியாக ஒரு யோசனையில் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். மறந்து விட்டுப்போகும் அசல்களைக் கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, தெருவைப் பார்த்துத் தொங்கவிடுவது அந்தக் கடையின் வழக்கம். ஒரு பான் கார்டு, இரண்டு டிரைவிங் லைசென்ஸ், யாரோ ஒரு பெண்ணின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், கடைசியில் நான். பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற ஜனம் முழுக்க அந்த வழியாகத்தான் போகும். நானும்தான் தினம் இரண்டு வேளை போய்வந்தேன். அந்த முகத்தை அண்ணாந்து பார்த்து, ஏதோ கேஸில் மாட்டின ஆசாமிபோல இருக்கிறானே என்று நினைத்ததுகூட உண்டு.

கடைப் பையன் கிளிப்பை எடுத்துக்கொண்டே சொன்னான்: “தினமும் பார்த்துட்டுதானே சார் போறீங்க? வேணாம் போலன்னு நினைச்சேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ராத்திரியானா உள்ள எடுத்து வெச்சிடுவேன். எவனாவது எடுத்துட்டுப் போயிட்டான்னா?” என்றான்.

ஐந்தடிக் கனச் சுவரைப் பற்றி அதன்பிறகு நான் ஜோக் அடித்ததில்லை.

ஊரடங்கு வந்தது. அலுவலகம் முழுக்க லேப்டாப்புக்குள் குடிபுகுந்தது. பனியன்மேல் சட்டையை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். “பின்னாடி கொடியில காயறது என்ன சார், லுங்கியா?” என்று புது மேனேஜர் கேட்டார். மற்றவர்களெல்லாம் கேமராவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, ஒருவருக்காவது விவரம் இருக்கிறதா என்று நான் உள்ளுக்குள் வருந்திக்கொண்டிருந்தேன்.

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய நிபந்தனைகளை நீட்டியது. சம்மதிக்க பிப்ரவரி 8 வரை கெடு. எலான் மஸ்க் சிக்னல் செயலிக்குப் போங்கள் என்று இரண்டே வார்த்தையில் சொன்னார். பெயரில் மட்டும் சிக்னல் இருந்த, சம்பந்தமே இல்லாத வேறொரு கம்பெனியின் பங்கு விலை அதில் பல மடங்கு ஏறியது. அவசரத்தில் நான் மட்டும் முட்டாள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். குடும்பக் குழுவில் நீண்ட பிரகடனம் ஒன்றை எழுதிவிட்டு வெளியேறினேன். சிக்னலில் என்னோடு இருந்தது ஒரே ஒருவர்: ஃபிரிட்ஜ் நண்பர். இருவரும் தினம் ‘இங்கே எவ்வளவு நிம்மதி’ என்று எழுதிக்கொண்டோம். மூன்றாவது வாரம் சித்தியிடமிருந்து போன். “வளைகாப்புக்கு ஏன்டா வரல? குரூப்ல போட்டேனே!” கெடுவை வாட்ஸ்அப் மே 15க்குத் தள்ளிவைத்திருந்தது. நான் அன்று ராத்திரியே எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டேன், ஒரு வரிகூடப் படிக்காமல். என் பிரகடனத்தைப் படித்தவர்கள் யாராவது உண்டா என்று குழுவில் தேடினேன். அதற்குக் கீழே மாமா ஒரு குட் மார்னிங் ரோஜா போட்டிருந்தார்.

ஜூலையில் பெகாசஸ் என்ற உளவு மென்பொருள். 50,000 எண்கள் கொண்ட பட்டியல் கசிந்தது. அதில் இந்திய எண்கள் என்று உறுதியானவை மட்டும் 300க்கு மேல். பத்திரிகையாளர்கள், எதிர்க்கட்சிக்காரர்கள். போன் எடுக்காமலேயே, ஒரு மிஸ்டு காலிலேயே உள்ளே நுழைந்துவிடுமாம். என் போன் கொஞ்ச நாளாகச் சுட்டுக்கொண்டிருந்தது. சார்ஜ் அரை நாள்கூட நிற்கவில்லை. பயம் பாதி என்றால் பெருமை பாதி, மறைப்பானேன்? ரிப்பேர் கடைக்குப் போனேன். அதே பையன். பின்மூடியைத் திறந்து காட்டினான். “பேட்டரி வீங்கிடுச்சு சார்.” உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து ஐந்தில் ஏதோ கெட்ட மென்பொருள் இருப்பதாகச் சொன்னது, பெகாசஸ்தானா என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று தலைமை நீதிபதியே திறந்த மன்றத்தில் சொன்னார். சிரிக்கிற விஷயமில்லை. ஆனால் என் போனில் இருந்தது பேட்டரி.

2025 டிசம்பர் தொடக்கத்தில், எல்லாப் புதுப் போன்களிலும் அரசின் சஞ்சார் சாத்தி செயலியைப் போட்டே விற்க வேண்டும் என்ற உத்தரவு வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 3ஆம் தேதியே பின்வாங்கினார்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து நான் நீண்ட நேரம் பேசினேன். மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். “இதெல்லாம் உங்களுக்கு இப்பத்தான் தெரியுது. நான் 2016லேர்ந்தே உஷார்” என்று, கீல் உடைந்து இரண்டு முறை மாற்றியும் தூக்கியெறியாமல் வைத்திருக்கும் அந்தப் பழைய லேப்டாப்பைக் காட்டினேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

“அப்பா, இத்தனை வருஷமா மீட்டிங்ல உங்க மூஞ்சி எப்படிப்பா தெரிஞ்சுது?”

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நானும் குனிந்தேன். கேமரா நட்டநடுவில் திறந்தே இருக்கிறது. பொட்டு ஒட்டியிருப்பது அதற்குப் பக்கத்தில், கேமரா ஓடும்போது எரிகிற சின்ன விளக்கின் மேல்.