ஆறில் ஐந்து போதும்

கேள்வி: பழைய சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் ஆறு தோட்டாவும் நிரப்பலாமா? மாற்றியமைத்தது என்றால் கூடுதல் பாதுகாப்பா?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: கௌபாய் படக் கதாநாயகன் ஆறும் நிரப்புவான்; அவன் விழும் இடத்தில் மெத்தை போட்டிருப்பார்கள்! விவரமறிந்தவர்கள் ஐந்தோடு நிறுத்தினார்கள். பழைய வகையில் சுத்தியல் தோட்டாவின் முதுகிலேயே படுத்திருக்கும். துப்பாக்கி கைதவறி விழுந்தாலே வெடிக்கலாம். அதனால் சுத்தியலுக்கு நேரான அறை காலியாக இருக்க வேண்டும்.

1973இல் ரூகர் நிறுவனம் தன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வர்களில் ‘டிரான்ஸ்ஃபர் பார்’ என்ற தடுப்பைக் கொண்டுவந்தது. விசையை முழுதாக இழுத்தால்தான் அடி தோட்டாவைச் சேரும். விசையை இலகுவாக்க உள்ளுறுப்புகளை அரத்தால் ராவினால் இந்தக் காப்பும் கெடலாம். யார் கை வைத்தது என்று தெரியாத துப்பாக்கியை ஆபத்தானதாகவே கருதுங்கள்.

உங்கள் பேராக்கிலும் துப்பாக்கிக்கு ஒரு கதை உண்டு: 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார் கொல்லப்பட்டபின் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. பேராக் ரப்பர் தோட்டங்களில் ஆயுதம் அன்றாடக் காட்சியானது. அந்தக் காலத்துத் துப்பாக்கி ஏதும் பழைய பங்களாவில் கண்ணில் பட்டால் தொடாதீர்கள், 999ஐ அழையுங்கள். உரிமமின்றி வைத்திருந்தால் மலேசியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை, பிரம்படியும் உண்டு. தோட்டத்து நினைவுப்பொருள் வேண்டுமென்றால் ரப்பர் பால் வாளி போதும்!