மாடித் தோட்டமும் மாறுகிற வானமும்

கேள்வி: மாசி பிறந்துவிட்டது. மாடியில் கத்தரி, தக்காளி, வெண்டை போட ஆசை. மழையும் வெயிலும் முறை தவறி வருகின்றன. எதை நம்பி விதைப்பது?
– ஒரு வாசகி, திரேஸ்புரம், தூத்துக்குடி

பதில்: வானத்தை விடுங்கள் அம்மா, தொட்டியின் ஓட்டையை நம்புங்கள்! 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டியது சுமார் 95 சென்டிமீட்டர். நம் மாவட்டத்துக்கு ஓராண்டில் வரவேண்டிய மழையைவிட அதிகம். தண்ணீர் வடிய வழியில்லாத தொட்டியில் வேர் இரண்டே நாளில் அழுகிவிடும். அதனால் தொட்டிக்கு அடியில் செங்கல் வைத்துத் தூக்கிவிடுங்கள்.

மழையைவிட நம்மூர்ச் செடிக்குப் பெரிய எதிரி உப்பு. போர் தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வையுங்கள். கரிக்கிறதா? நாற்றுக்கு அதை ஊற்றவே வேண்டாம். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து, இலை ஓரம் பழுப்பாகக் கருகினால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். உடனே நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியே வழிகிற அளவுக்கு ஊற்றிக் கழுவுங்கள். பீன்ஸ் இந்த உப்பைத் தாங்காது, பீட்ரூட் தாங்கும். முருங்கைக்கு வெயில் பொருட்டே இல்லை, தண்ணீர் தேங்கினால்தான் ஆகாது.

பங்குனி வெயிலில் உப்பளத்தில் உப்பு விளையும், தக்காளிப் பூ உதிரும். மதியத்துக்கு மட்டும் பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டுங்கள். கோடை மழை திடீரென்று வந்தால் உப்பளத் தொழிலாளி தலையில் கை வைப்பார். நீங்கள் ஓடிப்போய் வாளியை வையுங்கள்!